தலையில் காகிதப் பை

"டீமை வித்துத் தொலை!"

கஸ் ஹோலுப் அடிவயிற்றிலிருந்து கத்தினார். தலையில் மளிகைக்கடைக் காகிதப் பை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

டொலீடோ பீவர்ஸ் அணி இந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அந்த மானக்கேட்டில் அரங்கத்தில் பாதிப் பேர் பைக்குள்தான் இருந்தார்கள்.

"இன்னும் சத்தமா!" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். அவர் தலையிலும் பை. இன்றைக்குத்தான் புதிதாக வந்திருக்கிறார். ஆனால் அந்த வரிசையிலேயே பெரிய தொண்டை அவருக்குத்தான்.

கஸ் மேலே கண்ணாடி அறையைக் காட்டினார். "ஓனர் சீட்டைப் பாருங்க, காலி. வென்டெல் தோர்ன்பரி! அப்பன் சேர்த்ததை அழிக்கன்னே பொறந்தவன். நாம இங்க விறைச்சுக் கிடக்கோம், அவன் எங்க கதகதப்பா சாய்ஞ்சிருக்கானோ!"

"முதுகெலும்பில்லாத பய" என்றார் பைக்காரர், உற்சாகமாக.

"அவன் அம்மாவைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கு." கண்ணாடிக்குப் பின்னால் ரோமக் கோட்டு அணிந்த மூதாட்டி ஒருவர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். "தங்கமான மனுஷி. அவங்க வயித்துல இப்படி ஒண்ணு."

பைக்காரரின் தலை ஒருமுறை கண்ணாடி அறைப் பக்கம் திரும்பியது. கஸ் நீட்டிய சாசேஜை வாங்கி, பையைக் கொஞ்சம் தூக்கிக் கடித்தார். மென்று விழுங்கியதும் மறுபடி ஆரம்பித்தார்.

"வித்துத் தொலை!"

அரங்கமே பிடித்துக்கொண்டது.

காவலர் டரெல் படியிறங்கி வந்தார். "கஸ், உன் டிக்கெட்டைக் கொடு. கத்த ஆரம்பிச்சவனோட சீசன் டிக்கெட் ரத்து. ஆயுசுக்கும் உள்ள வர முடியாது. மேலிடத்து உத்தரவு."

கஸ்ஸின் குரல் இறங்கிவிட்டது. அது அவர் அப்பாவின் இருக்கை. தன் விவாகரத்தின்போது வீட்டை மனைவிக்கு விட்டுக்கொடுத்து, இந்த இருக்கையை வைத்துக்கொண்டவர் கஸ்.

"டரெல், எல்லாரும்தானேப்பா கத்துறாங்க..."

"மேலேர்ந்து இந்த வரிசையைத்தான் கைகாட்டினாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

பைக்காரர் எழுந்தார். "ஆரம்பிச்சது நான். அவரை விடு. என்னைக் கூட்டிட்டுப் போ."

"அப்ப பையைக் கழட்டுங்க. போட்டோ எடுக்கணும்."

கழற்றினார். மீசையில் கடுகு சாஸ் ஒட்டியிருந்தது.

டரெலின் கை தானாகத் தொப்பிக்குப் போயிற்று. "சார்...!"

வென்டெல் தோர்ன்பரி.

கஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம்தான் கோபம் வந்தது. "யோவ், கிண்டலா? நீதானேய்யா ஓனர்! வித்துட வேண்டியதுதானே. இங்க உக்காந்து யார்கிட்டக் கத்துறே?"

வென்டெல் பதில் சொல்வதற்குள் டரெலின் வயர்லெஸ் கரகரத்தது. வயதான ஒரு பெண் குரல்.

"யாரா இருந்தாலும் வெளியே தள்ளு."

"கேட்டுச்சா? தள்ளு" என்றார் வென்டெல்.

டரெல் அவர் முழங்கையைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு படியேறினார். பாதி வழியில் வென்டெல் நின்றார். கண்ணாடி அறைக்கு நேராகத் திரும்பி, வாயருகே கைகளைக் குவித்துக்கொண்டு, நரம்பு புடைக்கக் கத்தினார்:

"வித்துத் தொலைம்மா!"