வாசலைப் பார்த்த அறை

"பிஷ்கெக்ல சொந்த வீட்ட வச்சுக்கிட்டு, மாநாடு வந்தா மட்டும் ஓட்டல்ல ரூம் போடுறீங்களே டாக்டர், பணக் கொழுப்பா?" என்று கேட்டாள், நாரினிலிருந்து வந்திருந்த ஜில்திஸ்.

கால்நடை மருத்துவர் சங்கத்தின் செயலாளர் தோலோமுஷ் சிரித்தார். "வீட்டுல சண்டை போடக்கூட ஆள் இல்ல. இங்கன்னா காலையில நாலு முகத்தப் பாக்கலாம். நீங்களும் தங்கலாமே? சலுகை விலைதான்."

"நல்லாச் சொன்னீங்க! அத்தை இதே ஊர்ல இருக்கறப்ப நான் ஓட்டல்ல தங்கினா, நாரின் வரைக்கும் வந்து என் மானத்த வாங்கிடுவா. எங்க ஆளுங்க பூரா சொந்தக்காரங்க வீட்டுலதான்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அஞ்சு வருஷமா பதிவுக் கட்டணத்த ஏத்தாம வச்சிருக்கீங்க பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஏறிடுச்சுன்னா என் சம்பளத்துல இந்தப் பக்கமே வர முடியாது."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"எட்டு மணிக்கு அத்தை மகன் கொண்டுவந்து விடுவான்."

கண்ணாடிக் கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தோலோமுஷ் வரவேற்பு மேஜைக்குப் போனார்.

"சார், நாப்பது ரூம் நிரம்பினாத்தான் ஹால் இலவசம். இந்த வருஷமும் மூணு குறையுது. ஹால் வாடகைய சங்கத்து பில்லுல சேத்துடவா?" என்று கேட்டாள் மேஜையில் இருந்த பெண்.

"வேணாம்மா. அப்புறம் கட்டணத்த ஏத்தணும். போன வருஷம் மாதிரி மூணையும் என் பேர்ல எழுதிடு."

"மூணு சாவியும் வேணுமா சார்?"

"ஒண்ணு போதும். வாசலப் பாத்த ரூமாக் குடு."