பொடுதலை

முதல் கொத்திலேயே புல்தரை ஈரக் கம்பளம் போல உரிந்து வந்தது. அடியில் வெளிறிய வேர்கள். வேர்களுக்குள் விரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், வெயில் பட்டதும் சுருண்டு நெளிந்தன.

மயிலாத்தாள் மண்வெட்டி நுனியால் அவற்றை ஒதுக்கித் தள்ளினாள்.

சேலத்தில் கலெக்டர் பங்களாவைப் பார்த்துவிட்டு வந்து அவள் கணவர் வெங்கிடுசாமி போட்ட புல்தரை இது. புல் வெட்டும் உருளை மிஷினைக் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஆள் வைத்துத் தோளில் தூக்கி மலையேற்றினார். கோடையில் ஊற்று வற்றி, மலைமேல் எடப்புளி நாட்டுப் பெண்கள் குடத்தோடு அலைந்தபோதும் புல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீர் நிற்கவில்லை.

மாடு மேயக்கூடாது. அவளும் மிதிக்கக்கூடாது.

ஒருநாள் பேளுக்குறிச்சியிலிருந்து நடந்தே மேலே வந்த அவளைப் பெற்ற அய்யன், மூச்சு வாங்க, இந்தப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்கிடுசாமி அவரை எழுப்பிவிட்டு, உட்கார்ந்த இடத்தைக் கழுவிவிடச் சொன்னார். அவளிடம்தான் சொன்னார்.

கழுவினாள்.

அய்யன் அதற்குப் பிறகு இந்த மலையை ஏறவேயில்லை.

இந்தப் புல் ஒன்றுக்காவது இனி ஊழியம் செய்யக்கூடாது. அதற்காகத்தான் விடிந்ததும் மண்வெட்டியை எடுத்தாள்.

புல்லை வெட்டி ஒழிக்க முடியாது. மற்றச் செடிகளுக்கு வளரும் குருத்து நுனியில் இருக்கும்; கிள்ளினால் கொஞ்ச நாள் திகைத்து நிற்கும். புல்லுக்கு அது அடியில், மண்ணை ஒட்டி ஒளிந்திருக்கிறது. மேலே வெட்ட வெட்டக் கீழேயிருந்து தள்ளிக்கொண்டே வரும். ஆண்பிள்ளையின் தாடி மாதிரிதான். இரண்டு நாள் விட்டால் குத்தும்.

அதனால் வேரோடு பெயர்க்க வேண்டும்.

"பண்ணாடி எந்திரிச்சு வந்தார்னா என் தோலை உரிச்சுப்போடுவாருங்க, அம்மணி," என்றாள் கூலிக்கு வந்த கண்ணாயி, ஒரு கூடைப் புல்லை மாட்டுக்கு முன்னால் கொட்டியபடி.

"வரட்டும் கண்ணு. வந்தா மொதல்ல இந்தப் புழுவப் பொறுக்கச் சொல்லலாம்."

கண்ணாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிளறிய மண்ணில், ஓடைக்கரையிலிருந்து கொண்டுவந்த பொடுதலைக் கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி, கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினார்கள்.

பொடுதலை படுத்துக்கொண்டே நடக்கும். மண்ணைத் தொடுகிற கணுவெல்லாம் வேர் விடும்; அங்கிருந்து அடுத்த கொடி கிளம்பும். இலைகள் நெருங்கி மண்ணை மூடிவிட்டால், தப்பி முளைக்கிற புல்லும் வெளிச்சமில்லாமல் வெளுத்துச் சாகும். உயரமாக வளராது, வெட்ட வேண்டியதில்லை. பிடித்துக்கொண்ட பிறகு தண்ணீருக்கும் ஏங்காது. யார் உட்கார்ந்தாலும் தாங்கும்.

சாக்கடைக் களை என்பார் வெங்கிடுசாமி. ஒருமுறை அவள் இதில் துவையல் அரைத்து வைத்தபோது, மோந்து பார்த்துவிட்டுத் தட்டோடு வாசலில் வீசினார்.

உச்சி வேளைக்குள் வேலை முடிந்தது. கண்ணாயி வீட்டுக்குக் கிளம்பினாள்.

மயிலாத்தாள் கை கால் கழுவிக்கொண்டு, மிஞ்சிய தழையை வதக்கி, மிளகு வைத்துத் துவையல் அரைத்தாள். சோற்றில் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

கட்டிலை அதிகாலையிலேயே ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தாள். வெளியே நடப்பதெல்லாம் நன்றாகத் தெரியும்படி.

வெங்கிடுசாமியின் கண்கள் அவள் பக்கம் திரும்பின. ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவை மட்டும்தான் திரும்புகின்றன.

முதல் கவளத்தை அவர் வாயில் வைத்தாள். துப்புவதற்கு நாக்கு எழவில்லை. பச்சைச் சாறு கடைவாயில் வழிந்து தாடையில் இறங்கியது.

உள்ளங்கையால் துடைத்தாள்.

குத்தியது.

முந்தாநாள்தான் மழித்துவிட்டிருந்தாள்.