பொட்டுக்குப் பயந்த டிவி

கிட்ட வந்து உக்காருங்க, இது கொஞ்சம் மெதுவாச் சொல்ல வேண்டிய கதை.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில ஒரு வீட்டுச் சுவத்துல இருந்த பெரிய டிவி நடுங்கிப் போச்சு. குத்துவிளக்கைத் தேய்ச்சு முடிச்ச கையோட, புளி உருண்டை அது முன்னால வந்து நின்னுச்சு.

"மூஞ்சியக் காட்டு தம்பி. விளக்கு மாதிரி தகதகன்னு ஆக்கிடுறேன்."

"அண்ணே, எனக்குத் தோல் மெல்லிசு. ஒரு கீறல் விழுந்தா ஆயுசுக்கும் போகாது."

"பித்தளையே ஒண்ணும் சொல்லல. உனக்கென்ன இவ்வளவு நொரநாட்டியம்?"

மூக்குக்கண்ணாடி துடைக்கிற சின்னத் துணி இதைக் கேட்டுச்சு. புளிகிட்ட வாதாடிப் பிரயோஜனமில்லைன்னு அதுக்குத் தெரியும்.

"அண்ணே, சாமி ரூம்ல மணியும் தாம்பாளமும் கறுத்துப்போய் உங்களுக்காகக் காத்திருக்கு. அதுகளை விட்டுட்டு முதல்ல இவனைத் தொட்டா உங்களுக்கு மரியாதையா?"

புளி போயிருச்சு. துணி உடனே டிவியை அணையச் சொல்லி, சூடு ஆறுற வரைக்கும் காத்திருந்து, தண்ணி தொடாம, அழுத்தாம, பட்டும் படாமத் துடைச்சு விட்டுச்சு.

திரும்பி வந்த புளி பாதியாத் தேஞ்சிருந்துச்சு. "யார்றா இவனைப் பளபளப்பாக்கினது?"

"நீங்க வர்றீங்கன்னு சொன்னேன் அண்ணே. தூசி தானா ஓடிப்போச்சு"ன்னு துணி சொல்லுச்சு.

புளிக்குப் பெருமை தாங்கல. அந்த நேரம் பார்த்து, எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணம் வந்துச்சு. டிவிக்கு மறுபடியும் உதறல் எடுத்துச்சு. துணி முந்திக்கிட்டுப் போய், டிவி மூஞ்சிக்குன்னு ஒதுக்கின சந்தனம் மொத்தத்தையும் புளி நெத்தியில அப்பி, குங்குமமும் வெச்சுவிட்டுச்சு.