அண்ணனின் மட்டை

பட்டறை ஜன்னல் வழியே வரும் காலை வெயில், மேசைமேல் கிடக்கும் கோல்ஃப் மட்டையின் இரும்புத் தலையில் மின்னுகிறது. போட்டிகளில் ஆடும் பெரிய வீரர்களுக்கு மட்டை பொருத்திக் கொடுப்பவள் தங்கை. எதிரே நிற்கும் அண்ணன் பேருந்து ஓட்டுகிறவர். சாம்பியன் ஆடும் அதே மட்டை என்று நம்பி நேற்றுக் கடையில் வாங்கி வந்திருக்கிறார். "மறைக்காம சொல்லும்மா, அவங்களுதும் இதுவும் ஒண்ணுதானே?" "தலை ஒண்ணுதாண்ணே. நீளம், சாய்வு, எடையெல்லாம் அவங்கவங்க உடம்புக்குத் தக்கபடி மாத்திடுவோம்." அவர் முகம் வாடுகிறது. "அப்ப நான் ஏமாந்துட்டேனா?" "கையக் கொஞ்சம் நீட்டுங்க" என்கிறாள் அவள். சின்ன வயதில் முறிந்து இன்றுவரை முழுசாக நிமிராத இடது கை கூச்சத்தோடு நீள்கிறது. அவள் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளக்கிறாள். பிடி ரப்பரை உரித்து, தண்டின் முனையில் அரை அங்குலத் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டுகிறாள். இடது கை பிடிக்கும் இடத்தில் ரப்பருக்கு அடியில் இரண்டு சுற்று நாடா கூடுதலாக ஏறுகிறது. பசை இறுகியதும் அண்ணன் மட்டையை வாங்கி மெல்ல ஒருமுறை வீசிப் பார்க்கிறார். முழங்கை இழுக்கவில்லை என்பது அவர் புருவம் உயர்வதிலேயே தெரிகிறது. "இப்ப இது சாம்பியனோடது மாதிரி ஆயிடுச்சா?" தங்கை மேசையிலிருக்கும் ரப்பர் துணுக்குகளை ஊதித் தள்ளுகிறாள். "அவர் இத வச்சு ஆடினா பந்து மைதானத்துக் குளத்துலதான் விழும். இது உங்களுக்கு மட்டுந்தாண்ணே."