வாடகை ஸ்டூல்

தடதடவென்று சத்தம் கேட்டு ஜெயபிரியா கடை வாசலுக்கு ஓடிவந்தாள். மினி லாரியிலிருந்து சரிந்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் தென்காசிக் கடைத்தெருவில் நாலாபக்கமும் உருண்டுகொண்டிருந்தன. கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டியவை வழிதவறி ஜவுளிக்கடைக்கு வந்துவிட்டன என்றுதான் நினைத்தாள்.

"பராக்குப் பாக்காம எடுத்து உள்ள போடுங்கட்டி. எல்லாம் உங்களுக்குத்தான்," என்றார் முதலாளி சண்முகநாதன்.

ஜெயபிரியாவால் நம்ப முடியவில்லை. சேலைப் பிரிவில் வருஷக்கணக்காக நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டு கிடந்தது. "இனியும் நின்னா ஆபரேஷன்தான்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தரச் சட்டமே இருக்கிறதாமே என்று போன மாதம் பயந்து பயந்து கேட்டதற்கு, "உக்காந்து பாக்க இது என்ன பத்திர ஆபீஸா?" என்று எரிந்து விழுந்தவர் இதே அண்ணாச்சிதான்.

கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. ஜெர்மனியில் தொழிலாளர் கொள்கையும் சமூக நலமும் படிக்கும் ஒரு பரிமாற்ற மாணவி, அந்தச் சட்டம் கடைகளில் எப்படி நடக்கிறது என்று ஆராய வருகிறாளாம். ஸ்டூல்கள் பந்தல்காரர் பரமசிவனிடம் எடுத்த ஒரு நாள் வாடகை.

"சாயங்காலம் பரமசிவன் வந்து தூக்கிட்டுப் போயிருவான். அதுவரைக்கும் ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது," என்று சண்முகநாதன் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார்.

உட்காரத்தான் யாருக்கும் வரவில்லை. வாடிக்கையாளர் தலை தெரிந்தாலே பெண்கள் துள்ளி எழுந்தார்கள். "உக்காருங்கட்டி" என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார். முகூர்த்தச் சேலை எடுக்கச் செங்கோட்டையிலிருந்து வந்த அம்மாள், வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, யாரும் தவறிட்டாவளா?"

மத்தியானத்துக்கு மேல், சாரல் விழுந்துகொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஈரத் தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கினாள். பின்னாலேயே, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டபடி ஒரு உள்ளூர்ப் பெண்.

"அண்ணாச்சி, என் பேரு நிலோபர். நான்..."

"மொழிபெயர்க்க வந்த பிள்ளையா? சரி, அங்கன ஓரமா நில்லு," என்று சண்முகநாதன் அவளைக் கையால் ஒதுக்கினார். தன்னுடைய சுழல் நாற்காலியைத் தோள் துண்டால் துடைத்து வெள்ளைக்காரிக்குப் போட்டார். இளநீர் வந்தது. ஒன்றே ஒன்று.

ஜெயபிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் ஸ்டூலை நிலோபர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க உக்காருங்கக்கா. உங்க கால் வீங்கியிருக்கு," என்றாள் நிலோபர்.

சண்முகநாதன் தொண்டையைச் செருமினார். "எங்க கடையில பிள்ளைகளை மகாராணி மாதிரி வச்சிருக்கோம். இதைச் சொல்லும்மா அவங்ககிட்ட."

நிலோபர் என்னமோ சொன்னாள். வெள்ளைக்காரி புன்னகைத்து, எதிரே துண்டுகள் அடுக்கியிருந்த அலமாரியைக் காட்டி இரண்டு வார்த்தை பேசினாள்.

நிலோபர் அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "எல்லாரும் உக்காந்திருக்கது சந்தோசம். ஆனா, இது இன்னைக்கு மட்டுமா தினமுமான்னு பாக்கணும். ஆராய்ச்சி பண்ணுத மாணவி ஆறு மாசம் இந்த ஊர்லதான் இருப்பா. சொல்லாம கொள்ளாம எப்ப வேணும்னாலும் வந்து பாப்பா. ஒரு ஸ்டூல் குறைஞ்சாலும் கடை பேரோட கட்டுரையில வரும்."

அண்ணாச்சி முகத்தில் வேர்த்தது. "ரெண்டு வார்த்தைதான பேசினா?"

"ஜெர்மன் பாஷை ரொம்பச் சுருக்கம் அண்ணாச்சி."

சண்முகநாதன் போனை எடுத்துக்கொண்டு கல்லாப் பக்கம் ஒதுங்கினார். "ஏலே பரமசிவா, ஸ்டூலை எடுக்க வராத. மொத்தமா என்ன வெலன்னு சொல்லு."

ஜெயபிரியா தன் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இனி இது தன்னுடையது.

வெள்ளைக்காரி கை காட்டிய அலமாரியிலிருந்து தடிமனான இரண்டு துண்டுகளை எடுத்து, கடையின் அன்பளிப்பு என்று நீட்டினார் அண்ணாச்சி. பக்கத்தில் நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை போகும் வேலை ஜெயபிரியாவுக்கு வாய்த்தது.

"அந்தம்மா அடுத்து எப்ப வருவாவ?" என்று நிலோபரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அவளா? ஜெர்மனியில என் ரூம்மேட்டு. குற்றாலத்துல குளிச்சிட்டு, துவட்டத் துண்டு இல்லைன்னு சொன்னா, கூட்டிட்டு வந்தேன். ராத்திரி ரயிலுக்கு ஊருக்குப் போறா."

ஜெயபிரியா கடையைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருக்கும் ஸ்டூல் கண்முன்னால் மறுபடி லாரி ஏறியது. "அப்போ... ஆறு மாசம் இங்கன இருந்து ஆராய்ச்சி பண்ணப்போற மாணவி?"

நிலோபர் கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டபடி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணாச்சி இவ்வளவு நேரமும் நிக்க வச்சாருல்லா, அவதான்."