முதல் வரி

"முதல் வரியிலயே ஆளைக் கட்டிப்போட்டுடறாரு நம்ம எட்சன்" என்று பேராசிரியர் முடித்ததும் ஓசூர் நூல் வெளியீட்டு அரங்கில் பலத்த கைதட்டல்.

எட்சன் சிப்காட் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். இது அவருடைய முதல் நாவல். முதல் நாவல்காரருக்கு மைக் கிடைத்தால் பணிவு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

"இன்னிக்கு யாருக்கும் பொறுமை இல்லீங்க. முதல் வரி பிடிக்கலைன்னா போனை எடுத்துடறாங்க. அதனால அந்த ஒரு வரியை மட்டும் மாத்தி மாத்தி எழுதினேன்."

வாசித்தும் காட்டினார்.

'அன்றும் குடித்துவிட்டு வந்த குருபரப்பள்ளி ராஜ்குமார், மெஷினுக்குள் கையை விட்டான்; உயிரையும் விட்டான்.'

மறுபடியும் கைதட்டல். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. கையிலிருந்த நாவலின் முதல் பக்கத்தைப் பிரித்தாள், பார்த்தாள், மூடினாள். புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, மடியில் தூங்கிய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

எட்சனுக்குச் சுருக்கென்றது. எத்தனை நாள் கண்விழித்து எழுதியது. பேச்சை அவசரமாக முடித்துக்கொண்டு, வாசலில் அவளைப் பிடித்தார்.

"ஏம்மா, ஒரு வரியைப் பார்த்துட்டு புத்தகத்தை எடை போடலாமா? அந்தத் தொழிலாளிக்காக உள்ள எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா?"

"இருக்கும் சார். பேரை மாத்திட்டீங்க, ஊரை மாத்தலையே. எங்க ஊர்ல மெஷின்ல மாட்டிச் செத்தது ஒருத்தருதான்."

அப்போதுதான் எட்சன் அவளைச் சரியாகப் பார்த்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த திருமலையின் மனைவி, வினிதா.

"அவரு போறப்ப இவ கைக்குழந்தை. அப்பாவைப் பத்தி புக்கு வருதுன்னு ஆசையா கிளம்பி வந்தா. இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கறா. அப்பாவைப் பத்தி அவ படிக்கற முதல் வரி இதுவா இருக்க வேணாம்னுதான் எந்திரிச்சேன். நல்லவேளை, நீங்க வாசிச்சப்ப தூங்கிட்டா."

"கதைன்னா கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத்தாம்மா..." என்று இழுத்தார் எட்சன்.

வினிதா மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாருங்க சார். ஆள் வரலைன்னு, நைட் ஷிஃப்ட் முடிச்ச மனுசனைக் கெஞ்சக் கெஞ்ச பகல் ஷிஃப்டுக்கும் மெஷின்ல நிக்க வெச்சது நீங்கதானுங்களே."