மிதி, புடி, விடு

படாரென்று கட்டை தெறித்தது.

அடுத்த நொடி ஹாரன் அலற ஆரம்பித்தது.

பின்சக்கரத்துக்கு அருகே வண்டிக்கு அடியில் படுத்திருந்தவள் பதறி நிமிர்ந்து, நெற்றியை இடித்துக்கொண்டாள். அந்தப் பதற்றத்திலும் ஸ்பேனரைத் திருப்பி நிப்பிளை இறுக்கினாள். காற்று உள்ளே போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து.

பிறகுதான் ஊர்ந்து வெளியே வந்தாள்.

மாப் கட்டை. பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே அவள் முட்டுக்கொடுத்து வைத்தது. பெடல் இறங்கியதும் நழுவி, ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்த ஹாரன் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றது.

பிடுங்கி எறிந்தாள்.

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பார்த்தது. மூடிக்கொண்டது.

சிவப்பு வண்டி. கூரை கிடையாது. இரண்டே சீட்டு. இங்கிலாந்தில் செய்து, எப்போதோ ஓர் எஸ்டேட் துரையோடு கப்பலில் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவள் கணவர் அதை வாங்கியிருந்தார். "நான் ரெண்டாவது" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

முதல் சில வருடங்கள் சிரித்தாள்.

அவர் போய், ஆடி வந்தால் ஒரு வருடம்.

வண்டியை வாங்கிக்கொள்ளத் திருப்பூரிலிருந்து ஜெயபால் வந்துகொண்டிருந்தார். கணவருக்குப் பழைய கார்களால் வந்த சிநேகிதர். பிரேக் மட்டும் பிடித்தால் இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று போனில் சொல்லியிருந்தார். மெக்கானிக்கை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வேலை. தெரியாதா என்ன?

இன்றே போக வேண்டும். ஷெட் காலியாக வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. குழாயில் காற்று.

அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுகிற வரைக்கும் மேலே மிதித்த கால் எழக் கூடாது.

"மிதி."

"புடி."

"விடு."

கீழேயிருந்து குரல் மட்டும் வரும். அவர் முகம் தெரியாது.

மற்ற வண்டிகளுக்கு எப்படியோ, இந்த வண்டிக்கு மாதம் தவறாமல் பிரேக்கில் காற்று ஏறியது. பழைய வண்டி அப்படித்தான் என்பார். ஞாயிற்றுக்கிழமை, மடியில் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டே மிதிப்பாள். சும்மா எப்படி உட்காருவது? பேசுவாள். ஓரகத்தி விட்ட வார்த்தை. ஆபீசில் மேனேஜர் முறைத்தது. வயிற்றில் தங்காமல் போன குழந்தைக்கு அவள் ரகசியமாக வைத்திருந்த பெயர். அதையும் அங்கே உட்கார்ந்துதான் சொன்னாள்.

முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது.

"ம்" என்பார் கீழேயிருந்து.

"அப்புறம்?" என்பார்.

நான்கு சக்கரத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்குள் வாயைத் திறக்காத மனிதர்.

வண்டியில் அவர் மாற்றாதது எதுவுமில்லை. டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தார். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டார். "இன்னொரு ஆள் இல்லாம இந்த வேலை ஆகற மாதிரி எதையாவது மாத்தக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"அதெல்லாம் ஆவாது" என்றார்.

"என்கிட்ட அவருக்கு வேண்டியதெல்லாம் வலது கால் மட்டுந்தான்" என்று தங்கையிடம் சொன்னாள்.

தங்கை சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. ஜெயபால் இறங்கினார்.

"ஏனுங்க்கா, ஹாரன் தெருமுனை வரைக்கும் கேட்டுதுங்க. ஒரு நிமிஷம் அண்ணன்னே நெனச்சுட்டேன்."

அவளும் ஒரு நிமிஷம் நினைத்திருந்தாள்.

"ஆள் இல்லைன்னு மாப் கட்டையை உக்கார வெச்சேன். அது கத்திட்டு எந்திரிச்சு ஓடிருச்சு" என்றாள். "நீங்க கொஞ்சம் உக்காந்து மிதிங்க."

தயங்கினார். ஏதோ சொல்ல வந்தவர், அவள் அதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டதைப் பார்த்து, சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் ஸ்பேனரை மாட்டினாள். நிப்பிளில் செருகிய டியூபின் மறுமுனை பாட்டிலில் கிடந்தது. மேலே ஜெயபால் தொண்டையைச் செருமினார். பக்கத்தில் உட்கார்ந்து செருமியது போல் இருந்தது.

கீழே இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"மிதிங்க."

பெடல் இறங்கியது.

"புடிங்க."

திறந்தாள். டியூபில் குமிழ்கள் ஓடின. பின்னாலேயே ஆயில் வந்தது.

அவள் மூடுவதற்குள் மேலே கதவு திறக்கும் சத்தம்.

"அய்யோ, காலை எடுத்துட்டீங்களா? காத்து உள்ள போயிருக்குமே."

டியூபைப் பார்த்தாள்.

ஆயில் பின்வாங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

சக்கரத்தருகே ஜெயபால் குந்தி உட்கார்ந்தார். நிப்பிளின் தலையைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"போகாதுங்க்கா. இது திரும்ப உள்ள விடாத நிப்பிளு. தொறந்து வெச்சுட்டு ஒருத்தரே போய் மிதிச்சுக்கலாம். எம் பொண்ணு பொறந்த வருஷம் அண்ணன் தேடி வரவெச்சு, நாலு சக்கரத்துக்கும் மாட்டுனாரு. அவளுக்கு இப்ப மாப்பிள்ளை பாக்கறோம். அன்னையிலிருந்து இந்த வண்டிக்கு மிதிக்க இன்னொரு ஆளே வேண்டாமுங்களே."